கப்பல்காரரின் குப்பி

பிள்ளைகளே, கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் கப்பல்காரரைப் போல ஒரு கோபக்காரர் பிறந்ததில்லை. இன்னொருவர் பிறந்தால் தோட்டம் தாங்காது. மழை பெய்தால் மழையைத் திட்டுவார். வெயில் அடித்தால், "இவ்வளவு நாளா எங்க போய்ப் படுத்திருந்த?" என்று சூரியனைக் கேட்பார். எங்கள் தேயிலை ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. பக்கத்தில் கொழுந்தை அரைக்கும் ரோலரில் நான். எது அடுப்பின் சூடு, எது அவருடைய சூடு என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

ஆனால் அவருடைய பெரிய கோபமெல்லாம் ஒரு குப்பிக்காகத்தான் வரும். வாலிபத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, கடலை ஆராய வந்த வெள்ளைக்காரர்களின் கப்பலில் வலை இழுத்தவர் அவர். வெளிச்சமே எட்டாத ஆழத்திலிருந்து ஒருநாள் வெள்ளைப் பவளக் கிளைகள் வலையில் வந்தனவாம். கிளைக்குக் கிளை, அதைக் கட்டிப்பிடித்தபடி நகத்தளவு உயிர்கள். நண்டும் இல்லை, இறாலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. உடம்பைவிட நீளமான கைகள். கப்பலில் ஆராய்ச்சி செய்த பெரியவர், அதில் ஒன்றைக் கிளையோடு ஸ்பிரிட்டுக் குப்பியில் போட்டு இவருக்கே கொடுத்துவிட்டார்.

"கீழ நம்ம நுவரெலியாவ விடக் குளிருடா. கும்மிருட்டு. இது பவளத்துல ஏறி நின்னுக்கிட்டு, இப்படிக் கைய நீட்டிக்கிட்டே இருக்கும். தண்ணி கொண்டாந்து குடுக்குறதுதான் சாப்பாடு" என்று சொல்லி, அடுப்புக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். யாராவது சிரித்தால் விறகுக் கட்டை பறக்கும்.

ஒருநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா குப்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்னாய்யா இது, ஒரு வாய் குழம்புக்குக்கூடக் காணாதே" என்றார்.

கப்பல்காரர் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். வெளியே போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். அடுப்பு தணிந்தது. அரைத்த கொழுந்தெல்லாம் காயாமல் புளித்தது. தோட்டத்துப் பெரிய துரையே ஓடி வந்து, டீமேக்கர் ஐயாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேணாங்க தொரை. அதுகிட்ட கேக்கச் சொல்லுங்க" என்று கப்பல்காரர் குப்பியைக் காட்டினார்.

டீமேக்கர் ஐயா தொப்பியைக் கழற்றிக் குப்பியின் முன்னால் நின்று, "மன்னிச்சுக்க" என்றார்.

"அதுக்குக் காது மந்தம். சத்தமா!" என்றார் கப்பல்காரர்.

இனி என்னுடைய கோபம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த சூட்டோடு, தோட்டத் தமிழர்களான எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை, இந்தியாக்காரர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிரஜாவுரிமை வேண்டுமானால் மனுப் போட வேண்டும். இத்தனை வருடம் இடைவிடாமல் இந்தத் தீவிலேயே இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டும். மலையை வெட்டித் தேயிலை நட்டவனிடம் காகிதம் கேட்டார்கள்! மழை ஒழுகும் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், எந்தக் காகிதம் மிஞ்சும்?

கப்பல்காரரிடம் துண்டுச் சீட்டுக்கூட இல்லை. ஆனால் அவருடைய மனு விசாரணைக்கு நாங்கள் இருவரும் நுவரெலியா போகும்போது பஸ்ஸில் அவர் மடியில் குப்பி இருந்தது.

"இது எதுக்கண்ணே?"

"உள்ள பாருடா."

பவளத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சீட்டு. பிடித்த தேதி, பிடித்த இடம், பிடித்தவன் பெயர் என்று கப்பல் பெரியவர் எழுதிப் போட்டது.

"எம்பேரும் எங்கப்பன் பேரும் எழுதின காயிதம் ஒலகத்துல இது ஒண்ணுதான்டா."

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். பெயரை மட்டும் கூட்டிப் பார்த்து, "பேரு சரியாத்தான் இருக்குண்ணே" என்றேன். அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

விசாரணை அதிகாரி, "மொகத மேக்க?" என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சீட்டைப் படித்தார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"பிடிச்ச இடம் மாலைத்தீவுக்கு அப்பால்னு இருக்கு. எவ்வளவு காலம் கப்பல்ல இருந்த?"

"முழுசா ரெண்டு வருசங்க!" என்றார் கப்பல்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

பேனா ஓடியது. இரண்டு வருடம் தீவில் இல்லை, மனு தள்ளுபடி. குப்பி சாட்சிப் பொருளாக அலமாரிக்குள் போனது.

கப்பல்காரர் மேசையில் குத்திய குத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. "நான் பொறந்தது இங்க! எங்கப்பனப் பொதச்சது இங்க! ரெண்டு வருசம் வலை இழுத்தா நான் வேத்தாளா?" பியோன் அவரை வெளியே தள்ளும்போது குரல் மாறியது. "என்னய வேணாம்னு எழுதிக்கய்யா. அதுக்கு ஸ்பிரிட்டு வத்திப் போகுமே, யாருய்யா ஊத்துவா?"

யார் ஊற்றுவார்கள்? அடுத்த மாதமே அவரே தோட்டத்து டிஸ்பென்சரியில் கெஞ்சிக் கொஞ்சம் ஸ்பிரிட்டு வாங்கிக்கொண்டு விசாரணை நடந்த கந்தோரின் ஜன்னலில் போய் நின்றார். இவர் வாய்க்குப் பயந்தே குப்பியை எடுத்து நீட்டினார்கள். வலையில் வந்த நாளிலிருந்து கந்தோர்க் கூரை வரைக்கும் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே ஊற்றினார். நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வரும்வரை மாதம் தவறாமல் போனார்.

அந்தச் சட்டத்தை எழுதியவர்களை நான் மன்னிக்கவில்லை, பிள்ளைகளே. நீங்களும் மன்னிக்க வேண்டாம்.

நானுஓயா ஸ்டேஷனில் இந்தியாக் கப்பலுக்குத் தலைமன்னார் போக ரயில் ஏறியவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னைப் பார்த்து, "தக்கைய நல்லா அழுத்தி மூடுடா, மடையா" என்று கத்தினார். ரயில் போய்விட்டது.

இப்போது மாதம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு நான் போகிறேன். ஜன்னலில் நின்று கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறேன். ஆனால் அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு, தக்கையை நன்றாக அழுத்தி மூடுகிறேன்.