போலந்துப் படையும் கவரைப்பேட்டைச் சம்பந்தமும்

பழவேற்காடு,
9-2-1956

அன்புள்ள மச்சான் மொய்னுதீன் அவர்களுக்கு ஜலாலுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ரஷீதாவும் வண்டியும் நலம். அங்கே நீங்களும், உங்கள் மண்ணடிக் கடையும், என்மேல் கோபித்துக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை ஆரிபாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நிற்க. கவரைப்பேட்டை ரைஸ் மில் அசன் முகைதீன் பாய், தன் மகனுக்கு நம் ரஷீதாவைப் பிடித்துவிட்டது, பெண் வீட்டார் பதில் என்ன என்று உங்களிடம் கேட்டிருக்கிறார். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள் என்பதால் பதிலும் உங்கள் வாயாலேயே போகட்டும். வேண்டாம். இதுதான் பதில். ஒரு வார்த்தை எழுத ஒரு கவரைத் தண்டம் பண்ணினார் பார் என்று ஆரிபா சொல்வாள். ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

யுத்தத்தில் என் கப்பல் முழுகி, இங்கிலாந்தில் கரையேறி, சமையல் தெரிந்த ஒரே குற்றத்துக்காக ஒரு போலந்துப் போர் விமானப் படையின் அடுப்படியில் நான் மாட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம்தான் கேட்பது என்பீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. அவர்கள் நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகத் தப்பி இங்கிலாந்து வந்து, இங்கிலீஷ்காரன் விமானத்தில் ஏறிச் சண்டை போட்டார்கள். விடியுமுன் லாரி வந்து மைதானத்து ஓரக் கொட்டகையில் அவர்களை இறக்கிவிடும். கடலில் விழுந்தால் மிதக்கிற மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து தூங்குவார்கள். சிலர் சீட்டாடுவார்கள். மெக்கானிக்குகள் என்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். டெலிபோன் வந்ததும் ஒருத்தன் மணி அடிப்பான், அவ்வளவுதான், சீட்டு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், அவர்கள் சூப் என்று சொல்லச் சொல்ல நான் மிளகு தட்டிப்போட்டு ரசமாக்கிவிட்ட பீட்ரூட் தண்ணீர் ஒரு பக்கம். நீங்கள் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் அவர்கள் ஆகாயத்தில் இருப்பார்கள். இறங்கி வந்தால் விமானத்துக்குப் பெட்ரோலும் தோட்டாவும், இவர்களுக்கு ஒரு வாய் டீயும். மறுபடி நாற்காலி, மறுபடி மணி. பொழுது சாய்கிறவரை இதே கதைதான். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடினவன் தட்டை, வந்து சாப்பிடட்டும் என்று நான் இன்னொரு தட்டால் மூடி வைப்பேன். சில தட்டு விளக்கு வைத்த பிறகும் மூடினபடியே இருக்கும். அதையும் நான்தான் கழுவ வேண்டும். மச்சான், கப்பலில் நான் எவ்வளவோ கஷ்டப்பட்டிருக்கிறேன், அந்தத் தட்டைக் கழுவினது மாதிரி ஒரு கஷ்டம் பட்டதில்லை. சரி, அதை விடுங்கள்.

மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். அந்தப் படையில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மிலிட்டரி வண்டியை வைத்துக்கொண்டு, ஏரி இறாலைக் கெடாமல் பொன்னேரியில் ரயிலேற்றுகிறேன் என்றால் அதனால்தான். நம் கொட்டகையில் வண்டி எப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். டிரைவர் லோகநாதன் செருப்போடுதான் தூங்க வேண்டும். படகு திரும்புவது கண்ணில் பட்டதும் கரையில் இருக்கும் அப்பாவு தண்டவாளத் துண்டைத் தட்டுவான். தட்டினால் கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும். லோகநாதனுக்கு இதில் வருத்தம். "இன்னா பாய், நாஷ்டா துண்ணக்கூட உட மாட்டேன்றீங்க? எறா இன்னா மேல பறந்து வந்து குண்டா போடப் போவுது?" என்று கேட்டான். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் செய்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே ஆரிபா, "நாளைக்கு ஒரு நாளு அந்தத் தண்டவாளத்த கழட்டி வைங்களேன்" என்றாள். "கரையில செங்கம்மா ஊட்டுக் கல்யாணம். ஒருத்தனும் படகு எடுக்க மாட்டான், கம்முனு இரு" என்றேன். ஒருத்தனும் எடுக்கவில்லைதான், செங்கம்மாளோடு சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாத அவள் கொழுந்தன்மாரைத் தவிர. அது எனக்கு எப்படித் தெரியும்? பிரியாணி இறங்கியது. நம் வழக்கப்படி அசன் முகைதீன் பாயும் நானும் ஒரே சகனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு தட்டில் சேர்ந்து கை வைத்தால், கடைசி ஆள் முடிக்கிறவரை மற்றவர் எழக் கூடாது என்பதை உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? ரெண்டு கவளம் உள்ளே போயிருக்கும், தண்டவாளம் டணங்கென்று கேட்டது. நான் எழவில்லை மச்சான், என் கால்தான் எழுந்தது. அவர் நிதானமாக என்னை நிமிர்ந்து பார்த்து, "போய்ட்டு வாங்க பாய், நான் இருக்கேன்" என்றார். வாய்மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

வழியில் வண்டி கொதித்து நின்றது. தண்ணி ஊற்றிக் கிளப்பிக்கினு போனா ரயிலு லேட்டு. ஏத்தி முடிச்சு நான் ஊடு வந்து சேரும்போது சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கினு இருக்காங்க. வந்தவங்க எல்லாம் சாப்பிட்டு, வெத்தலை போட்டு, பந்தலில் குறட்டை விட்டுக்கினு இருக்காங்க. அவர் மட்டும் அதே இடத்தில், அதே பாயில், சகனில் வைத்த கை வைத்தபடி. விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. பிரியாணியில் நெய் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. கை கழுவுங்கள் என்று ஆரிபா ஆள்மேல் ஆளாக அனுப்பிப் பார்த்தாளாம். "கூட உக்காந்தவரு வந்துடட்டும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றே சொல்லி அனுப்பினாராம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? உக்காருங்க, முடிச்சுடுவோம்" என்றார். இறால் வாடையோடு நான் உட்கார, அந்தப் பிரியாணியை ரெண்டு பேரும் தின்று முடித்தோம். ஒரு வார்த்தை கோபம் கிடையாது. ரெண்டு திட்டு திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் வீட்டில், என் ஆட்கள் பார்க்க, என்னை எப்படித் தலை குனிய வைத்துவிட்டார் பார்த்தீர்களா!

இவர்களுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது மச்சான். நாளைக்கு வீடு தீப்பிடித்தாலும், பக்கத்தில் இருக்கிறவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டில் கொண்டுபோய் என் மகளைக் கொடுக்கவா? ஆரிபாவோ, "அந்த மாதிரி மனுஷர் ஊட்ல பொண்ணு குடுக்க நாம குடுத்து வச்சிருக்கணும், நீங்க சரின்னு சொன்னாத்தான் திரும்பி வருவேன்" என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். நான் ஒன்றும் கலங்கவில்லை. ஒரு படைக்கே சமைத்துப்போட்ட கை இது. மீன் குழம்பு நானே வைக்கிறேன். ரஷீதா ஒரு வாய் சாப்பிடுகிறாள், ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறாள்.

ஆகையால், வேண்டாம் என்பதை அவர் மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சுறுசுறுப்பான வேறு பையனாகப் பாருங்கள். ஆரிபாவுக்கும் புத்தி சொல்லி அனுப்பிவையுங்கள். அங்கே பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு துஆ. எல்லோருக்கும் நல்ல சுகத்தையும், எனக்குச் சீக்கிரம் நல்ல சாப்பாட்டையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
ஜலாலுதீன்

பி.கு.: உங்கள் விலாசம் எழுதச் சொல்லி ரஷீதாவிடம் கொடுத்தேன். உள்ளே இருப்பதையும் படித்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்: "வாப்பா, நான் தவழ்ந்துக்கினு இருந்தப்போ நீங்க கப்பலுக்கு எழுந்து போனீங்க. திரும்பி வந்தப்போ இவரு யாருன்னு உம்மாவ கேட்டேன். எழுந்து போறவங்கள எனக்கு நல்லாத் தெரியும். இருக்கேன்னு சொல்லிட்டு நெசமாவே இருந்தவர இப்பதான் பாத்தேன். அந்த ஊட்டுக்கே என்ன அனுப்பிடுங்க."

மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மேலே எழுதினதை எல்லாம் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். நீங்கள் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளைக் காலையில் நானே கவரைப்பேட்டைக்குப் போகிறேன். அவர் வேலையாக இருந்தால், முடித்துவிட்டு வருகிறவரை மில் வாசலில் உட்கார்ந்திருந்து, சரி என்று சொல்லிவிட்டு வருகிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி.