ஐந்தாம் நம்பர் கவுண்டர்

ஏழாவது வாரமும் பதிவேட்டில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு விஸ்வலிங்கம் பேனாவை மூடினார்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் அது ஒரு அரசாங்க அலுவலகம். தண்ணீர் பில் கட்டலாம், லைசென்ஸ் புதுப்பிக்கலாம், புகார் கொடுக்கலாம். தொண்ணூற்று மூன்றில், வயதானவர்களுக்கு நகரத்தை வசதியாக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. உடனே வாசல் படிகளை இடித்துச் சரிவுப் பாதை போட்டார்கள். கைப்பிடி வைத்தார்கள். ஐந்தாம் நம்பர் கவுண்டரை முதியோருக்கென்றே ஒதுக்கி, மெத்தை நாற்காலிகள் போட்டு, நான்கு மொழிகளில் பலகை மாட்டி, முப்பது வருஷ சர்வீஸ் உள்ள விஸ்வலிங்கத்தை உள்ளே உட்கார வைத்தார்கள்.

ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நம்பர் கவுண்டரின் வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. அதில் பாதித் தலைகள் வெள்ளை.

மேலதிகாரி சிக்கந்தர் வயதில் சின்னவர், தன்மையாகத்தான் பேசுவார். "அண்ணே, மாசக் கடைசிக்குள்ள ஆள் வரலன்னா கவுண்டரை மூடச் சொல்லிட்டாங்க. உங்களை ஜுரு கிளைக்கு மாத்திடுவாங்க லா."

சுங்கை பினாங்கில் வீடு. ஜுருவுக்குப் போக ஒரு பஸ், ஒரு ஃபெரி, மறுபடி ஒரு பஸ். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. முழங்கால்கள் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டன.

விஸ்வலிங்கம் எழுந்துபோய், வரிசையில் நின்ற ஒரு நரைத்த அம்மாளைப் பணிவாகக் கூப்பிட்டார். பத்மாவதி என்ற அந்த அம்மாள் எனக்கு என்ன வயது என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். விஸ்வலிங்கம் சொல்லித் தொலைத்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பத்து நாலுதானாம். மறுநாள் சிக்கந்தர் மேசைக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது.

'முதியோர்' என்ற சொல்தான் உறுத்துகிறது என்று முடிவு செய்து, பலகையைக் கழற்றிவிட்டு 'கௌரவ வாடிக்கையாளர்' என்று மாட்டினார். அடுத்த நாள் ஊரிலுள்ள கான்ட்ராக்டர்கள் அத்தனை பேரும் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோப்பி எப்போது வரும் என்று கேட்டார்.

பிறகு, அறுபது வயதுக்கு மேல் என்று அடையாளக் கார்டு காட்டினால்தான் உட்காரலாம் என்றார். அதற்கும் ஊரில் வழி இருந்தது. இளவட்டங்கள் ஆளுக்கொரு வயதானவரைக் கையோடு அழைத்து வந்தார்கள். வள்ளியம்மா என்ற அம்மாள் ஒரே காலையில் மூன்று தடவை வந்து, மூன்று பேரையும் தன் மகன் என்றார். மூன்றாவது மகன் சீனர்.

அன்று பதிவேட்டில் முப்பத்தோரு பேர். விஸ்வலிங்கம் அதைச் சிக்கந்தரிடம் நீட்டினார். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சிக்கந்தர், முப்பத்தோரு பெயரையும் சிவப்பு மையால் அடித்தார்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. கவுண்டரில் ஈ காக்கை இல்லை. விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் நம்பர் வரிசையின் வாலுக்கு நடந்தார். அங்கே கைத்தடியை ஊன்றிச் சுவரில் சாய்ந்து நின்றவர் விநாசித்தம்பி, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அதை ஒளிக்கிறவரும் இல்லை. முன்னால் நிற்பவரிடம் மழையைப் பற்றியும் பின்னால் நிற்பவரிடம் மருமகனைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வெறும் ரெண்டு நிமிஷம். வந்து உக்காருங்க. நானே எல்லாம் எழுதித் தர்றேன்."

வேண்டாம் என்று விநாசித்தம்பி தலையசைத்தார். விஸ்வலிங்கம் ஜுருவைப் பற்றிச் சொன்னார். ஃபெரியைச் சொன்னார். முழங்காலையும் சொன்னார். பெரியவருக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த பில்லை விஸ்வலிங்கம் மெல்ல வாங்கிக்கொண்டார். பெயர் அப்துல் அஜீஸ் என்று இருந்தது.

"ஐயா, இது உங்க பில் இல்லையே."

"பக்கத்து வீட்டுக்காரரோடது. நேத்து கொண்டுவந்தது மேல்மாடிக்காரரோடது. கேட்டு வாங்கிட்டு வருவேன், ஒரு நாளைக்கு ஒண்ணு."

"எதுக்குங்கய்யா?" என்றார் விஸ்வலிங்கம். பெரியவர் பில்லைத் திரும்ப வாங்கி, மடிப்பு கலையாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"காலையில எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போனா, அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க தம்பி. நீங்க ரெண்டு நிமிஷத்துல என்னை அனுப்பிவிட்டுட்டா, அதுக்கப்புறம் நான் யார்கூடப் போய் நிக்கிறது?"