இடைவேளை அண்ணையின் இரண்டாம் பாதி

மனித வாழ்க்கையில் இடைவேளை விட முடியாத காரியம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பியவர், எனக்குத் தெரிந்து, இடைவேளை அண்ணை ஒருவர்தான். சாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார். பிறப்புக்கு அதுவும் இல்லை. மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்குள் நின்றுகொண்டு, "எல்லாரும் களைச்சுப் போனியள், ஒரு பத்து நிமிசம் விடலாமே" என்று டாக்டரிடம் கேட்டவர் அவர். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர். சொல்லும்போது மகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அக்காவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வீட்டு வாசல் தபால்பெட்டியில் எழுதியிருந்தது. அதைத் தபால்காரரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஓஸ்லோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லோருக்கும் அவர் இடைவேளை அண்ணைதான். மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காகப் போன நான், ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்கு மேலே ஒரு மேட்டில், அவருடைய மர வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று வருடம் குடியிருந்தேன். மாடியில் அவரும் அக்காவும். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தளம். குளிர்காலத்தில் என் அறைச் சூடெல்லாம் மேலே போய்விடும். பதிலுக்கு அவர்கள் பேசுவதெல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் கீழே வந்து சேரும்.

பெயர்க் காரணம் இதுதான். அண்ணை இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அங்கே இங்கிலீஷ் படங்கள் ஓடும். இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. ஆனால் வாசலில் வடைக்காரரும் சோடாக்காரரும் காத்திருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்வார்கள்? எந்த இடத்தில் படத்தை நிறுத்துவது என்று முடிவு செய்வது ஆபரேட்டர் பொறுப்பு. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். அண்ணை படத்தை இரண்டு முறை தனியாக ஓட்டிப் பார்த்து, ஜனங்கள் திட்டிக்கொண்டே எழுந்து போகிற மாதிரி ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பார். ஹாலிவுட்டில் படம் எடுத்து அனுப்பியவர்கள் செய்யாமல் விட்ட வேலையைத் தாம் செய்ததாக அவருக்கு எண்ணம்.

நார்வேக்கு உயிருக்குப் பயந்து வந்தவர்தான். ஆனால் இந்த நாட்டின் மேல் அவருக்குக் காதல் வந்தது, வேலைக்காரனுக்கு நடுவில் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று. ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தார். பென்ஷன் வாங்கும்வரை ஒரு நாள்கூட ஓய்வு நேரத்தைத் தவறவிட்டதில்லை என்பது அவருடைய பெருமை. வேலை நேரத்தைப் பற்றி அப்படி எதுவும் அவர் சொன்னதில்லை.

குடிவந்த முதல் சனிக்கிழமையே என்னை மேலே கூப்பிட்டு 'அந்தப் படத்தை'ப் போட்டுக் காட்டினார். அதற்குப் பெயர் உண்டு. ஆனால் அந்த வீட்டில் 'அந்தப் படம்' என்றால் போதும். பழைய அமெரிக்கப் படம். ஊர் ஊராகப் போய் மேடையில் பாடி, ஆடி, சிரிக்க வைக்கும் ஒரு பெண். அவளோடு ஜோடியாக ஆடும் ஒருவன். இருவரும் ரயிலில் சண்டை போடுகிறார்கள், மேடையில் சிரிக்கிறார்கள், ஒரு மழை நாளில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். தேவாலய வாசலில் குடை விரிந்ததும் அண்ணை படத்தை நிறுத்தினார். அக்கா ரோல்ஸும் தேநீரும் கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், அண்ணை ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அவ்வளவுதான் தம்பி" என்றார்.

மீதிப் படம் எங்கே என்று கேட்டேன். அது தேவையில்லை என்றார். அந்த வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரும் பாதிப் படம் பார்த்தவர்கள்தான். மகள் இருக்கும் துரொண்ட்ஹெய்மில் ஒரு குடும்பம், உலகத்திலேயே சந்தோஷமான சினிமா இதுதான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது.

சண்டைக்கும் இடைவேளை உண்டு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கோப்பையை எந்தப் பக்கம் கவிழ்ப்பது என்று தொடங்கும். குரல் ஏறும். உச்சத்தில் அண்ணை இடைவேளை என்று கையைத் தூக்குவார். சட்டென்று அமைதி. கெட்டில் கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு, "எங்கை விட்டனாங்கள்?" என்று கேட்பார். "என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்திலையும் இப்பிடித்தான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிண்டனீங்கள் எண்டதிலை" என்று அக்கா மிகச் சரியாக எடுத்துக் கொடுப்பார். சண்டை அங்கிருந்து தொடரும். நானும் என் தேநீரை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒருமுறை ஒரு கல்யாணத்தில் அவரை அறிவிப்பாளராக்கி மைக் கொடுத்துவிட்டார்கள். கூறைப் புடவையோடு பெண் வந்து உட்கார்ந்ததும், தாலி கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் இடைவேளை என்று அறிவித்துவிட்டார். மண்டபம் காலியாகிவிட்டது. நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது ஐயர் திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையும் இல்லை. பட்டிஸ் பலகாரம் வாங்கும் வரிசையிலிருந்து அவரை இழுத்து வந்தார்கள். அதன் பிறகு அண்ணைக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. ஊர் கெட்டுப்போய்விட்டது என்று அவர் சொல்லிக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நார்வேயில் ரெவ்யூ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் அங்கே இருக்கிற டீச்சர், பிளம்பர், பல் டாக்டர் எல்லோரும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை மேடை ஏறுவார்கள். பாட்டு, ஆட்டம், நையாண்டி. அந்தப் படத்துக் கதாநாயகி அமெரிக்காவில் செய்ததையேதான் இவர்கள் வேலை முடிந்து வந்து செய்கிறார்கள்.

அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். கஞ்சி பரிமாறிக்கொண்டே மேலாளர் மாதிரி நடந்து காட்டுவார், லிஃப்டின் குரலில் பேசிக் காட்டுவார். கிழவர்கள் சிரித்துக் கஞ்சியைச் சிந்துவார்கள். கூட வேலை செய்யும் பேரித் என்ற பெண்தான் அந்தப் பகுதி ரெவ்யூவை நடத்துபவர். அக்காவுக்குத் தனியாகப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டார். என்ன வேண்டுமானாலும் பேசலாம். அக்கா தம் புருஷனைப் பற்றிப் பேசுவதாக முடிவு செய்தார்.

மேடைப் பெண்ணின் கதையை ஆயுள் முழுக்க ஊருக்குப் போட்டுக் காட்டிய மனிதர் இந்தச் செய்தியைக் கேட்டுத் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நீர் மேடையிலை ஏறினால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்" என்று மேலே குரல் கேட்டது.

"அப்ப கீழை தம்பியோடை இருங்கோ" என்றார் அக்கா.

பிறகு அமைதி. கை உயர்ந்திருக்க வேண்டும். கெட்டில் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கெட்டில் கொதிக்கவில்லை. என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அண்ணை, தலையணை, போர்வை, அந்தப் படத்தின் டிவிடி. இடைவேளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் சோபாவில் படுத்துக்கொண்டார். அந்த இடைவேளை பத்தொன்பது நாள் நீடித்தது.

வீட்டுக்காரரே குடிவந்துவிட்டால் குடியிருப்பவன் யாரிடம் போய் முறையிடுவது? மூன்றாம் நாள் அவரே இந்த அறை தாங்க முடியாத குளிராக இருக்கிறது என்றார். இதைத்தான் இரண்டு வருடமாக வீட்டுக்காரரிடம் சொல்லி வருகிறேன் என்றேன். "அந்தாளோடை கதைச்சுப் பிரயோசனமில்லை தம்பி" என்று மிகவும் அனுதாபத்தோடு சொன்னார். தினமும் மாலையில் அக்கா படிக்கட்டில் பிட்டும் மீன்குழம்பும் மூடி வைத்துவிட்டுப் போவார். தம்பிக்கு என்பார். இரண்டு பேர் சாப்பிட்டாலும் மிஞ்சும். என் பங்கில் கொஞ்சம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அண்ணை முக்கால்வாசியைச் சாப்பிடுவார்.

காலை ஆறு மணிக்கு அக்கா வேலைக்குக் கிளம்புமுன் மேலே ஒத்திகை நடக்கும். எல்லாம் நார்வேஜிய மொழி. எனக்குப் பாதிக்குமேல் புரியாது. அண்ணை தலையணையை இரண்டு காதிலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல், அந்த இரண்டாம் பாதியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சொன்னார். அவளுடைய பேர் பெரிதாகிறது. இவனுடைய பேர் போஸ்டரில் சின்னதாகிக்கொண்டே வந்து ஒருநாள் காணாமல் போகிறது. அவன் திரைக்குப் பின்னால் நின்று, கைதட்டல் முடிகிறவரை காத்திருக்கிறான். பிறகு வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

"கை தட்டுற சனத்துக்கு அவன் ஆரெண்டே தெரியாது, தம்பி" என்றார்.

கடைசியில் சேர்ந்துவிடுவார்களா என்று கேட்டேன்.

"சேருவினம். ஆனா அது படம்."

எனக்கு முதன்முறையாக அவரைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. இடைவேளையில் பிடிவாதமாக நிறுத்திய மனிதருக்கு இரண்டாம் பாதியை நினைத்து இத்தனை வருடமாக இருந்தது பயம் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு முதல் காட்சி. மறுநாள் காலை துரொண்ட்ஹெய்முக்கு ரயில் ஏறப் போவதாகவும் சொன்னார். ரெவ்யூவின் மற்றக் காட்சிகள் வெள்ளிக்கிழமைதான் தொடங்கும். அவற்றுக்கு மட்டும் வந்து மேடை ஏறிவிட்டு மகளோடேயே போய் இருந்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் வராட்டியும் நான் ஏறுவன் தம்பி. வந்தால் இன்னும் வடிவா ஏறுவன்."

இதை அப்படியே அண்ணையிடம் ஒப்பித்தேன். அங்கே இடைவேளை உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு, காபியும் வாஃபிளும் தருவார்கள் என்றேன். அப்படியானால் அது ஒழுங்காக விடுகிறார்களா என்று பார்ப்பதற்காக மட்டும் வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் நார்வேஜியர்கள். மூன்றாவது வரிசையில் இடம். இடைவேளை முடிந்ததும் முதல் நிகழ்ச்சி அக்காவுடையது. சேலைக்கு மேல் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாற்பது வருடமாகத் தம் வாழ்க்கை பத்துப் பத்து நிமிடமாக வெட்டுப்பட்டு ஓடுவதைச் சொன்னார். பிரசவ அறையைச் சொன்னார், மாப்பிள்ளையைப் பட்டிஸ் வரிசையில் பிடித்ததைச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதை என்பதால் மொழி இடிக்கவில்லை. ஜனங்கள் முழங்காலில் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று ஓரக்கண்ணால் அண்ணையைப் பார்த்தேன். முகம் கல் மாதிரி இருந்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது. சாபம் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"என் புருஷன் வீட்டில் செய்கிற ஒரே வேலை..." என்று தொடங்கிய அக்கா நின்றுவிட்டார்.

நடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். மீண்டும் அதே வரியைத் தொடங்கினார். மீண்டும் அதே இடத்தில் நின்றது. கை ஏப்ரனைப் பிடித்துக் கசக்கியது. யாரோ இருமினார்கள். மேடை ஓரத்தில் பேரித் பயந்துபோய் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. இடைவேளை அண்ணை எழுந்து நின்று, நார்வேஜிய மொழியில், சுத்தமான யாழ்ப்பாண உச்சரிப்பில், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி அந்த வரியை முடித்து வைத்தார்.

"...மூச்சு விடுவது. அதற்கும் நடுவில் இடைவேளை விடுவார்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா அவரைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, "இவர்தான்" என்று சபையிடம் சொன்னார். அன்று எழுந்த சிரிப்பை நான் அந்த நாட்டில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அதற்கப்புறம் அக்கா தடுமாறவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தினார். அண்ணை தம்மைத் திட்டும் வரிகளை ஒவ்வொன்றாக உரக்க எடுத்துக் கொடுத்தார். தலையணை சுற்றிய காதில் பத்தொன்பது நாளாக ஒரு வார்த்தை விடாமல் ஏறியிருக்கிறது.

திங்கட்கிழமை இருவருமாகவே துரொண்ட்ஹெய்ம் ரயில் ஏறினார்கள். வியாழக்கிழமை திரும்பி வந்தார்கள். மற்ற எல்லாக் காட்சிகளுக்கும் மூன்றாவது வரிசையில் அதே இருக்கையை அண்ணைக்கு ஒதுக்கிக் கொடுத்தார் பேரித். போஸ்டரில் அக்காவின் படம் மட்டும்தான்.

நான் பிறகு ஸ்ட்ரோம்மன் பக்கம் வீடு மாறிவிட்டேன். போன மாதம் அங்கே உள்ள பெரிய கடைத்தொகுதியில் இருவரையும் பார்த்தேன். மூன்று பேரும் பேசிக்கொண்டு நிற்கையில் ஒரு நார்வேஜியப் பெண் ஓடி வந்தார். ரெவ்யூவில் பார்த்ததாகச் சொல்லி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, தம் போனை அண்ணையிடம் நீட்டினார். அவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணை வேண்டாம் என்று தலையசைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"ஏண்ணே மூணு தடவை எடுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்க நினைத்தது வேறு.

"மனுசி சிரிக்கேக்கை கண்ணை மூடிப்போடுவா. உது வெளியாக்களுக்குத் தெரியாது. மூண்டாவதிலைதான் திறப்பா" என்றார்.

எனக்கு ஓஸ்லோவில் சொந்தம் என்று யாரும் கிடையாது. ஆனாலும் யாராவது கேட்டால், ஹவுகெட்டோவில் ஒரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன்.