பெரட்டு மணியும் என் ஏக்கப் பாட்டும்

காதலிக்கிற பெண்ணின் அம்மாவை மயக்க நினைக்கிறவன் தயவுசெய்து பாட்டு எழுதக் கூடாது. பழம் வாங்கிப் போகலாம். கேஸ் சிலிண்டர் தூக்கி வைக்கலாம். நான் இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்தேன். (அப்போது எனக்குக் குடுமி வேறு. தலையில் முடி இருந்த காலம்.)

தேவியை எனக்குக் கட்டித்தர முடியாது என்று அவள் அம்மா பாக்கியம் அத்தை ஒரே காரணம்தான் சொன்னார். "கிராணி வீட்டுப் பையன் நமக்கு ஒத்து வராதுலா." என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. அத்தை தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். நானோ ஈப்போவில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். தோட்டத்தை ஹைவேயில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

ஆனாலும் எழுதினேன். "தோட்டத்து வீடே, கூப்பிட மாட்டாயா? தொலைந்த பிள்ளையைத் தேட மாட்டாயா?" எழுதிவிட்டு நானே அழுதேன். ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ நடத்திய என் நண்பன் மனோ அழவில்லை.

"மச்சான், பாட்டு ஓகேலா. ஆனா ஒரு சவுண்டு வேணும். கேட்டதும் வீட்டு ஞாபகம் வரணும்."

அது என்னிடம் இருந்தது! தாத்தா வேலையை விட்டு வந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் தொங்கும். சோறு வெந்ததும் அம்மா அதைக் கரண்டியால் தட்டுவார். டங்! எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். அந்தச் சத்தத்தைப் பிடித்து, பாட்டுத் தொடக்கத்திலும் ஒவ்வொரு வரி முடிவிலும் வைத்தோம். தோட்டத்தில் அதை எதற்கு அடித்தார்கள் என்று நான் ஒருத்தரையும் கேட்கவில்லை. கலைஞனாம், கேட்க மாட்டானாம்.

அத்தை வேலை பார்த்த தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு ரொம்ப நாளாகிறது. மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். திருவிழாவுக்கு எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுவார்கள். மேடையில் எனக்கு ஒரு பாட்டுக்கு இடம் வாங்கித் தந்தாள் தேவி.

"அம்மா முன்வரிசைல இருப்பாங்க. சொதப்பிடாத. சொதப்புனா அடுத்த மாசமே மாமா பையனுக்குப் பேசி முடிச்சிருவாங்க" என்றாள்.

மனோ லேப்டாப்பைத் தட்டிவிட்டு வடை வாங்கப் போனான். நான் கண்ணை மூடினேன். டங்!

கண்ணைத் திறந்தால் முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கிறது. ஆகா, பாடவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மரியாதையா என்று நினைத்தேன். ஒரு பெரியவர் குனிந்து பதற்றமாகச் செருப்பைத் தேடினார். பாக்கியம் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினார்.

"டேய், யாருடா பெரட்டு அடிச்சது?"

பெரட்டு என்றால் விடியுமுன் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதற்கு அடிக்கும் மணி அது. அடிக்கச் சொல்வது கிராணி. அலாமாக்! எனக்குக் குடுமி வரைக்கும் வியர்த்தது.

"காய்ச்சல்ல கெடந்தப்பயும் இதுக்கு எந்திரிச்சேன். தேவி வயித்துல இருந்தப்பயும் எந்திரிச்சேன். லேட்டா போனா அரநாள் பேர் இல்ல, பாதிக் கூலிதான். இதக் கேட்டு நான் ஏங்கணுமாடா?" அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

பாட்டை நிறுத்தலாமென்றால் மனோ வடைக் கடையில். ஸ்பீக்கர் மறுபடி டங் என்றது. அத்தை என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினார்.

"வரல போ!"

அடுத்த டங்குக்கு முன்வரிசை மொத்தமும், "வரல போ!" அதற்கடுத்த டங்குக்குக் கோயில் திடலே கத்தியது. செருப்பு தேடியவர் அந்தச் செருப்பையே தலைக்கு மேல் சுழற்றினார். எத்தனை வருசத்துப் பதிலோ, தாளம் தப்பாமல் வந்து விழுந்தது. நடுவில் நான் பாடியது யார் காதிலும் விழவில்லை. பாட்டு முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டோம், மறுபடியும் போட்டோம். அத்தை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை குரலோடு லகாட்டில் மறுபடி பதிவு செய்தோம். அப்புறம் அந்தப் பாட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் பஸ் ஏறுகிற பையன்கள் அதையே அலாரமாக வைத்து, படுக்கையிலிருந்தே கத்திவிட்டு, வீட்டை நினைத்துக்கொண்டு எழுந்து போகிறார்களாம். என் கல்யாணத்தில் ஐயர் மணியை ஆட்டினார். மண்டபமே சேர்ந்து "வரல போ!" என்றது. தேவியும் சொன்னாள்.

பெண் தருவதற்கு அத்தை கேட்ட ஒரே சீர் அந்தத் தண்டவாளத் துண்டு. இப்போது அது எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்குகிறது. அதை அடிக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் டங் என்றதும் கிராணி பேரன் நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருநாள் தைரியம் வந்து, சோபாவில் படுத்தபடி "வரல போ" என்றேன்.

அத்தை தேவியிடம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு அரநாள் பேர்தான்" என்றார். பாதிச் சோறுதான் கிடைத்தது.