பகிர்ந்தே காப்பவர்

குழந்தைகளைக் காப்பாற்றுகிறவர்களில் ஒரு வகை உண்டு. இவர்களுக்கு நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகள் மேலும் அக்கறை இருக்கும்; எதிர்வீட்டுக் குழந்தை மேல் மட்டும் இருக்காது. காலை நடையில் உங்களை மறித்து, கைபேசியை மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா அநியாயத்த?" என்பாரே, அவரேதான்.

எங்கள் வேங்கிக்கால் பக்கத்தில் அந்தப் பொறுப்பை வகிப்பவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் மணிவேல். செயற்கை நுண்ணறிவால் பிள்ளைகள் சீரழியாமல் தடுக்க மாநில அரசு தனிச் சட்டம் போட வேண்டும் என்று முதன்முதலில் முழங்கியவர் தாமே என்பது அவர் கருத்து. கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனபோது மனுவை மறந்தார், போட்டோகிராபரை மறக்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களை மறித்துத் துண்டறிக்கை திணித்தார், கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார், தமக்குத் தாமே வாங்கி வைத்திருந்த சால்வையை இன்னொருவர் கையால் போர்த்திக்கொண்டார். சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? "கடுமையா இருக்கணும்!" யார் மேல்? "எல்லார் மேலயும்!"

அதே தெருவில் ரேவதி இருக்கிறார். செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வரவேற்பாளர் வேலை. மகள் நந்தினி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஆண்டு விழாவில் ஆடிய அவள் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, எவனோ செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து, ஓர் அசிங்கமான போலிப் படம் செய்துவிட்டான். வகுப்புப் பையன்கள் சிலரிடம் சுற்றிய அது, எப்படியோ மணிவேலின் கைபேசிக்கும் வந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தாயிடம் போய் மெதுவாகச் சொல்வீர்கள். தலைவருக்கோ ரத்தம் கொதித்தது. அவருக்கு ரத்தம் கொதித்தால் முதலில் அசைவது கட்டைவிரல். 'நம் பகுதிப் பெண்ணுக்கே இந்தக் கதி! பெற்றோரே, விழித்தெழுங்கள்! உடனே பகிருங்கள்!' என்று எழுதி, கீழே அந்தப் படத்தையும் சேர்த்து, சங்கக் குழு, அன்னதானக் குழு, சர்க்கரை நோயாளிகள் குழு என ஒன்று விடாமல் அனுப்பினார். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் பால்காரர் பார்த்தார், டியூஷன் டீச்சர் பார்த்தார், போளூரில் இருக்கும் தாய்மாமன் பார்த்தார்.

நந்தினி பள்ளிக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது.

ஆறுதல் சொல்லத் தலைவர் நிர்வாகிகளோடு கிளம்பி வந்தார். "கவலப்படாதம்மா ரேவதி. சட்டம் வரட்டும், ஒருத்தனையும் விடமாட்டோம்."

கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நந்தினி வந்து நின்றாள்.

"அங்கிள், அத நீங்க ஏன் அனுப்புனீங்க?"

"உனக்காகத்தாம்மா. நாலு பேர எச்சரிக்கலாம்னு..."

"என் மூஞ்சியோடவா?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, மனசில் இருந்த உண்மை வாய் தவறி வந்துவிட்டது: "மூஞ்சி இல்லன்னா யாரும் ஷேர் பண்ண மாட்டாங்கம்மா."

ரேவதி செருப்பை மாட்டினார், மகளின் கையைப் பிடித்தார், நேராக சைபர் கிரைம் போலீசுக்குப் போனார். படம் செய்தவன் சிக்கினான். அடுத்து மணிவேலுக்கும் அழைப்பு வந்தது.

"நான் அதுக்கெதிரா சட்டமே கேட்டவன் மேடம்!" என்றார்.

"புதுசு வரப்போ வரட்டும் சார்," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "இருக்கற சட்டத்துலயே அனுப்பறது குத்தம்தான். போனக் குடுங்க."

நந்தினி மறுபடி பள்ளிக்குப் போனாள். வாசலில் நின்று பார்த்தவர்கள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தலைவர் திருந்தினாரா? இப்போது மனைவியின் கைபேசியில் புதிய கோரிக்கை எழுப்பியிருக்கிறார்: வரப்போகும் சட்டத்தில், நல்லெண்ணத்தோடு பகிர்கிறவர்களுக்கு விலக்கு வேண்டுமாம்.

படிக்கப் படிக்க உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்து சிரிக்கிறீர்கள் அல்லவா? அவரும் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். யார் முகம் நினைவுக்கு வந்தது என்று மட்டும் அவரைக் கேட்டுவிடாதீர்கள்.