லில்லிக்கு ஏற்ற ரத்தம்

திருவொற்றியூர்,
நவம்பர் 2003

மரியாதைக்குரிய மைத்துனர் அருள்நாதன் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் நலத்தையும் விசாரிக்க வேண்டும் என்கிறாள் உங்கள் தங்கை தேவகிருபை. விசாரித்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு வந்தபோது, "மாப்ள, இத வளத்து வையுங்க, கிறிஸ்மஸுக்கு வந்து சேந்து சாப்பிடுவோம்" என்று ஒரு பன்றிக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தப் பெருந்தன்மையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அரிசி மண்டி வைத்திருப்பவனுக்குப் பன்றியைத் தவிர வேறென்ன குறை? உங்கள் மருமகள் ஜெமிமா அதற்கு லில்லி என்று பெயர் வைத்தாள். அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும். பெயர் வைத்ததை யாராவது குழம்பு வைப்பார்களா? தினம் குளியல், மழைக்குப் போர்த்த சாக்கு, குடும்ப ஜெபத்தில் என் பக்கத்தில் இடம். ஆமென் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

போன வாரம் அது பழைய இரும்புக் கடைக்குள் புகுந்து, தகரத்தில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தது. மண்டி முழுக்க ரத்தம். மீன்பாடி வண்டியில் போட்டு மாட்டு டாக்டர் மகிழினியிடம் கொண்டுபோனோம். அந்தம்மா தையல் போட்டுவிட்டு, "ரத்தம் ரொம்பப் போயிடுச்சு சார். வேற பன்னியோட ரத்தம் ஏத்துனாத்தான் பிழைக்கும். ஆனா சேருமான்னு பாக்கணும்" என்றார். பன்றி ரத்தத்திலும் வகைகள் உண்டாம். ஏ உண்டாம், ஓ உண்டாம், அதற்குமேல் இன்னும் பல தினுசாம், பி மட்டும் கிடையாதாம். நான் பி. எனக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது. எல்லா வகையையும் சோதிக்க இங்கே மருந்து இல்லாததால், கொடுக்கிற பன்றியின் ரத்தத்தை லில்லியின் ரத்தத்தில் தெளிந்த நீரோடு கண்ணாடித் துண்டில் கலந்து பார்ப்பார்களாம். திப்பித் திப்பியாகத் திரண்டால் ஆகாது, திரளாவிட்டால் ஏற்றலாம். உங்கள் வீட்டில் எனக்குப் பெண் எடுத்தபோது இதில் கால்வாசி பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இதற்குள் ஜெமிமா மண்டிக்குப் போன் போட்டு, "லில்லிக்கு அவசரமா ரத்தம் வேணும்" என்று அழுதிருக்கிறாள். மண்டி ஆள் அதை ஆட்டோ ஸ்டாண்டில் சொல்ல, நடிகர் பிறந்தநாளுக்கெல்லாம் ரத்ததானம் நடத்தும் ரசிகர் மன்றத்துப் பீம்ராவ், ஒரு வேன் நிறையப் பையன்களோடு வந்து இறங்கினான். எல்லோரும் சட்டைக் கையை மடித்தாயிற்று.

"பயப்படாத நைனா, லில்லி அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது. நம்மகிட்ட எல்லா குரூப்பும் கீது. அக்கா எங்க?"

உள்ளே கையைக் காட்டினேன். பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ரத்தம்னு கூப்ட்டு வந்துட்டோம். சும்மா திரும்பிப் போனா மன்றத்துக்கு அசிங்கம். பன்னிதான வோணும்? இட்டாந்துர்றேன்."

எண்ணூரிலிருந்து முதலில் கொண்டுவந்த பன்றியின் ரத்தம் திரிந்த பாலாகத் திரண்டது. லில்லிக்கு மூச்சு வாங்கியது. அடுத்து, பீம்ராவ் ஆள் விட்டுச் சொன்னதில், ராயபுரம் பேக்கரி பாஸ்கல் தன் கிடாப் பன்றி ராஜாவோடு வந்தார். அது பன் தின்றே வளர்ந்த பிரபு. அதன் ரத்தம் திரளவில்லை. ஜெமிமா ராஜாவைக் கட்டிக்கொண்டாள். மன்றத்துப் பையன்கள் அதற்கு முறைப்படி ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது பாஸ்கல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோ பாரு நைனா, எங்க ராஜா ரத்தம் குட்துகீறான். இனிமே லில்லி எங்க வூட்டுப் பொண்ணு. கிறிஸ்மஸ்னு கத்தி கித்தி எடுத்த, பேஜாராயிடும்."

குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? சரி என்று தலையாட்டினேன். வெறும் வாய்வார்த்தைதானே, ஆகையால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். லில்லி தேறிவிட்டாள், உடம்பும் போடுகிறாள். சொன்னபடி குடும்பத்தோடு வந்துவிடுங்கள். வரும்போது உங்கள் ஊர்க் கத்தி ஒன்றும் கொண்டுவாருங்கள். இங்கே கிடைப்பது வெண்ணெய் வெட்டக்கூட உதவாது.

பெரியவர்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு நல்ல பசி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அன்பு இன்னும் மிச்சமிருக்கும் மைத்துனன்,
தங்கப்பாண்டி

பின்குறிப்பு: மேலே எழுதியது வீறாப்பு. ரத்தம் ஏறி முடிந்து கண் திறந்தபோது அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். பண்டிகைக்குக் காத்திவாக்கம் இறால் சொல்லிவைத்திருக்கிறேன். ஜெமிமாவுக்கு நீங்கள் தாய்மாமன் என்றால் லில்லிக்கும் நீங்கள்தான். தாய்மாமன் எங்காவது கத்தியோடு வருவாரா? சீரோடு வாருங்கள்.