மெஷினுக்கு வேலை பார்த்த புரொஜெக்டர்

சிலாங்கூர் மாநிலத்திலேயே மின்சாரம் இல்லாவிட்டால் மூச்சு விடவும் யோசிக்கிற ஒரே ஆள் எங்கள் புரொஜெக்டர்தான். சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். நாங்கள் இருவரும் மேற்படிப்பு படித்துக்கொண்டே அங்கே உதவி ஆசிரியர்கள். அவனுக்குப் புள்ளியியல், எனக்கு வரலாறு, இருவருக்கும் ஒரே அறை. சொந்த புரொஜெக்டரைப் பையில் போட்டுக்கொண்டு திரிவான். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால் அங்கேயும் சுவரில் படம் காட்டுவான். "ரசம் காரமா? போனில் பதில் அளிக்கவும்" என்று ஒருமுறை பெரிய எழுத்தில் ஓடியது. கடைக்காரர் வாளியோடு வந்து நின்றார்.

"தம்பி, காரமா இருந்தா வாயால சொல்லுங்க, தண்ணி தரேன். செவத்துல எதுக்கு எழுதுறீங்க?"

"டேட்டா வேணும் அண்ணே!"

"டேட்டா இல்ல, அப்பளம்தான் இருக்கு."

அவன் வகுப்பில் ஒரே பிரச்சினை: யாரும் வாய் திறப்பதில்லை. அதிலும் கேரி தீவிலிருந்து வரும் கவிதா, வருகைப் பதிவுக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். "மூஞ்சியப் பாத்து கேக்க வெக்கம் லா. மெஷின்கிட்ட கேப்பாங்க" என்றான். சொன்னபடியே போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒன்றை உருவாக்கி, அதற்கு 'பாஸ்' என்று பெயரும் வைத்தான். வகுப்பே பாஸிடம் கொட்டியது. பாடத்தையே விட்டுவிடலாம் என்றிருந்த கவிதா, கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பாஸையே திணறடித்தாள். இதைக் கேள்விப்பட்ட துறைத் தலைவி டாக்டரம்மா, "நான் நேர்ல வந்து பாக்குறேன். அப்புறம் உங்க கான்ட்ராக்ட் பத்தி பேசலாம்" என்றார்.

ஒரு நாள் கேண்டீனில் இவன் ஒரு கையால் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பிசைந்தபடி மறு கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குடா?"

"கவிதாவுக்கு. பாஸ் பதில் சொல்றாரு."

"பாஸ் மெஷின்தானே?"

"மெஷின் அப்டேட் ஆனதுலேர்ந்து படுத்துருச்சு. இப்ப நான்தான் பாஸ்."

"சொல்லித் தொலையேன்டா!"

"சொன்னா அவ மறுபடி வாயை மூடிக்குவா. பரீட்சை வருதுடா."

டாக்டரம்மா வந்த நாளில் இவன் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும், தட்ட முடியாது. போனை என் கையில் திணித்து, "பழைய பதிலைப் பாத்து ஒட்டு, போதும்" என்றான். கடைசி வரிசையில் பதுங்கினேன். டாக்டரம்மா தட்டிய கேள்வி திரையில் வந்தது: "திட்டவிலக்கம் என்றால் என்ன?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நல்ல கேள்வி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அனுப்பினேன்.

"நான் உன்னைத்தான் கேட்கிறேன்" என்று திரை அதட்டியது.

பழைய பதில்களைப் புரட்டியும் ஒன்றும் சிக்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று அனுப்பிவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. புரொஜெக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"டாக்டர், மெஷின் போயிருச்சு. இத்தனை நாளா பதில் சொன்னது நான்தான். இன்னைக்கு மட்டும் இவன். அதான் இந்த லட்சணம்."

சிரிப்பு நின்றது. அவன் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவனோ டாக்டரம்மா பக்கம் திரும்பவே இல்லை, கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையைக் குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"பாஸ், ஏழாவது கொஸ்டீன் இன்னும் புரியல. கொஞ்சம் சொல்லுங்க."

அவள் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம். இவன் பலகைக்கு ஓடினான். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏழாவது கணக்கு முடியும்வரை உட்கார்ந்து கேட்டார்.

கான்ட்ராக்டை நீட்டித்துவிட்டார்கள். அறையில் என் மேசைவரை அவனுடைய வயர்கள் நீண்டு கிடக்கின்றன. தினமும் தடுக்கி விழப் பார்த்து அவனைத் திட்டுகிறேன். ஆனால் வேறு ஊரில் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்துவிடக் கூடாதே என்று கோயிலில் ரகசியமாக வேண்டிக்கொள்வதும் நான்தான்.